விதை நெல்லை இப்போதே வாங்கலாமா? இயக்குநர்களுக்கு முடிவெடுக்கச் சொல்லிக்கொடுப்பது

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கு முடிவுப் பகுப்பாய்வு (என்ன நடக்கும் என்று உறுதியில்லாதபோது, வாய்ப்பையும் லாப நஷ்டத்தையும் எண்ணாக எழுதி முடிவெடுக்கும் முறை) சொல்லிக்கொடுக்கிறேன். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ரொனால்ட் ஹோவர்ட் பெயர் சூட்டிய துறை. ஆனால் பாடத்தை அங்கிருந்து தொடங்காதீர்கள். மே மாதம் அவர்கள் மண்டையைக் குடையும் கேள்வியை எடுங்கள்: குறுவை விதை நெல்லை இப்போதே மொத்தமாக வாங்குவதா, மேட்டூர் அணை திறக்கட்டும் என்று இருப்பதா?

எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12க்குள் தண்ணீர் திறக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு? யாரும் வாய் திறக்குமுன் எழுதி மடித்துவிட வேண்டும். தலைவர் கடைசியில்தான் பேச வேண்டும். முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

"வந்துரும் சார்" என்பவரிடம் எண்ணை வாங்குவது கஷ்டம். ஒரு பையில் பத்துப் புளியங்கொட்டை போடுங்கள், ஆறுக்குச் சுண்ணாம்பு தடவி. "தண்ணி வந்தா ஆயிரம் ரூபா. இல்ல, பையில கைய விட்டு எடுக்கிற கொட்டை வெள்ளையா இருந்தா ஆயிரம். எது வேணும்ணே?" பையைக் கேட்டால் ஒரு வெள்ளையை எடுத்துவிட்டுச் சாதாரணக் கொட்டை போடுங்கள், தண்ணீரைக் கேட்டால் ஒரு சாதாரணக் கொட்டைக்குப் பதில் வெள்ளை போடுங்கள். "எதுன்னாலும் சரி" என்று அவர் சொல்லும்போது பத்தில் எத்தனை வெள்ளையோ, அதுதான் அவர் எண்; ஆறு வெள்ளை என்றால் நூற்றுக்கு 60.

பிறகு பழைய வருஷங்களைப் பலகையில் எழுதுங்கள். 2012 முதல் 2019 வரை ஒருமுறைகூட ஜூன் 12ல் திறக்கவில்லை. 2020 முதல் 2025 வரை, 2024 தவிர, எல்லா வருஷமும் அதற்குள் திறந்தார்கள். 2022ல் மே 24லேயே. எந்த வருஷங்களை எண்ணுவது என்று சண்டை வரும். வரட்டும், பாடமே அங்கேதான் நடக்கிறது. யாராவது "அணையில இப்ப எத்தனை அடி?" என்பார். 120 அடி அணையில் அன்றைக்கு எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டுச் சீட்டைத் திருத்தச் சொல்லுங்கள்.

இனி பணம், பயிற்சிக்கான எண்களோடு. இப்போதே வாங்கி, தண்ணீரும் வந்தால் 1,00,000 லாபம். வராவிட்டால் 60,000 நஷ்டம். காத்திருந்து தண்ணீர் வந்தால், விதை விலை ஏறிவிடுவதால் லாபம் 40,000தான், வராவிட்டால் நஷ்டமில்லை. வாய்ப்பு 60 என்றால் இப்போது வாங்குவதன் சராசரி மதிப்பு 36,000 (1,00,000ல் நூற்றுக்கு 60 பங்கு, அதில் 60,000ல் நூற்றுக்கு 40 பங்கைக் கழித்தது), காத்திருப்பது 24,000. வாய்ப்பு 50 ஆனால் இரண்டும் 20,000. ஆக, 58ஆ 62ஆ என்று மல்லுக்கட்ட வேண்டாம். பாதிக்கு மேலா கீழா, அவ்வளவுதான். வாய்ப்பு 60 என்றே வைத்துக்கொண்டு, தண்ணீர் நிலவரம் முன்கூட்டியே உறுதியாகத் தெரியும் என்றால், வரும்போது மட்டும் வாங்கலாம், சராசரி மதிப்பு 60,000 ஆகும். தெரியாமல் வாங்கினாலே 36,000 கிடைக்கும் என்பதால், அந்தச் செய்திக்கு மீதி 24,000க்கு மேல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

2023ல் ஜூன் 12லேயே திறந்தும், பின்னால் தண்ணீர் போதாமல் குறுவை காய்ந்தது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து விதை வாங்கச் சொன்னவரை அதற்காகத் திட்டுவது அநியாயம். தீர்மானப் புத்தகத்தில் முடிவோடு அன்றைய அணை மட்டத்தையும் எல்லார் எண்களையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பொதுக்குழுவில் யாராவது எழுந்து கேட்டால் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டலாம்.