கலைப்பொருளோடு அதன் வரலாற்றையும் சேகரிப்பது எப்படி

சேகரிக்கத் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு தடித்த குறிப்பேடு. ஓவியமோ கடிதமோ நாணயமோ எதுவானாலும், அது யார் யார் கைமாறி நம்மிடம் வந்தது என்ற விவரம் தொலைந்துவிட்டால் அதன் மதிப்பில் பெரும்பகுதியும் தொலைந்துவிடுகிறது. ஒரு போர்ப் பதக்கம், அதை அணிந்தவரின் பெயரும் படைப்பிரிவும் தெரிந்திருந்தால் ஒரு மனித வாழ்க்கைக்குச் சாட்சி. தெரியாவிட்டால் அது அழகான உலோகத் துண்டு மட்டுமே.

எதைச் சேகரிப்பது என்பதை வருவாயைக் கணக்கிட்டு முடிவு செய்ய வேண்டாம். பல ஆண்டுகள் சலிக்காமல் படிக்கக்கூடிய ஒரு துறையை, இயன்றவரை குறுகலாகத் தேர்ந்தெடுங்கள். குறுகிய எல்லைக்குள் பழகிய கண்ணுக்குத்தான் போலி எளிதில் உறுத்தும்.

பொருள் கைக்கு வந்ததும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிக நேரம் பாருங்கள். ஓவியச் சட்டத்தின் பின்னால் ஒட்டிய பழைய கண்காட்சிச் சீட்டு, ஏல எண், பென்சிலில் எழுதிய இரண்டு எழுத்துகள் ஆகியவையே பொருளின் பிறப்புச் சான்றிதழ்கள். அழுக்கு என்று நினைத்து, ஒரு பழைய புகைப்படத்தின் பின்புறம் இருந்த பென்சில் குறிப்பை நானே அழித்திருக்கிறேன். அதில் இருந்தவர் யார் என்பது அத்தோடு போயிற்று, அந்த வருத்தம் இன்றுவரை தீரவில்லை. விற்பவரிடம் முந்தைய ரசீதுகளையும் ஏற்றுமதி அனுமதிகளையும் கேட்டு வாங்குங்கள். பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் உருவானது. தந்தம் போன்றவற்றின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975-இல் நடைமுறைக்கு வந்தது. ஆவணங்களைக் காட்டத் தயங்குகிறவரிடம், பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

உண்மைத்தன்மையைச் சோதிக்க 10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியும் ஒரு சிறிய புற ஊதா விளக்கும் போதும். உருப்பெருக்கியின் கீழ் வண்ணங்கள் சீரான புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு. செப்புத்தகட்டு அச்சில் கோடுகள் புள்ளியின்றித் தொடர்ந்து ஓடும், தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றித் தாளில் விரலுக்குத் தட்டுப்படும். மை பேனாவால் இட்ட கையெழுத்தில் அழுத்தம் ஏறி இறங்கும், மை இழைகளுக்குள் கசிந்திருக்கும். இரண்டு கையெழுத்துகள் இம்மியும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் சந்தேகப்படுங்கள். 19-ஆம் நூற்றாண்டுக் கடிதம் என்று சொல்லப்படும் தாள் புற ஊதா ஒளியில் பளீரென்று நீலவெண்மையாக மின்னினால், அதில் பிற்காலத்து வெண்மையூட்டி கலந்திருக்கிறது என்று பொருள். 1983-இல் உலகை ஏமாற்றிய ஹிட்லர் எழுதியதாகச் சொல்லப்பட்ட நாட்குறிப்புகள் போலி என்று உறுதிப்பட, தாளில் இருந்த அத்தகைய வெண்மையூட்டியும் ஒரு காரணம். 1914-இல் தீட்டப்பட்டதாக விற்கப்பட்ட ஓர் ஓவியத்தில் அப்போது புழக்கத்திற்கு வராத டைட்டானியம் வெள்ளை என்ற வண்ணம் இருந்ததே, அதைத் தீட்டிய ஜெர்மானியப் போலி ஓவியர் வொல்ஃப்காங் பெல்ட்ராச்சியைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் புற ஊதா ஒளியில் மின்னவில்லை என்பதாலேயே தாள் பழையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களில் எழுதும் மோசடியாளர்களும் உண்டு.

பாதுகாப்பில் முதல் எதிரி வெளிச்சம், ஏனெனில் அதனால் வெளுத்த நிறம் ஒருபோதும் திரும்பாது. நீர்வண்ண ஓவியங்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), எண்ணெய் வண்ணங்களுக்கு 200 லக்ஸ் என்பதே அருங்காட்சியகங்கள் பொதுவாகப் பின்பற்றும் உச்சவரம்பு. ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி, ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். தாள்களை அமிலமற்ற உறைகளில் வையுங்கள். செலோடேப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். பிவிசி உறைகளில் வைத்த நாணயங்களில் காலப்போக்கில் பச்சைப் பிசுபிசுப்பு படியும் என்பதால் பாலியெஸ்டர் உறைகளையே பயன்படுத்துங்கள். ஆனால் கரித்துண்டாலோ பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டியாலோ வரைந்த ஓவியங்களுக்குப் பாலியெஸ்டர் ஆகாது. அதன் நிலைமின்சாரம் வண்ணத்துகளை இழுத்துக்கொள்ளும். நாணயங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் கூடாது, ஏனெனில் பல ஆண்டுகளாக இயல்பாகப் படிந்த மேற்படலமே அவற்றின் வயதைச் சொல்கிறது.

இனி மீண்டும் குறிப்பேட்டுக்கு வருவோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, அளவு, வாங்கிய நாள், விற்றவர், அவர் சொன்ன வரலாறு, நீங்கள் கண்டறிந்த சேதம் அனைத்தையும் எழுதி, இருபுறமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். கேள்விப்பட்டதையும் ஆவணத்தில் கண்டதையும் தனித்தனியே குறியுங்கள். தாளின் பின்புற ஓரத்தில் அந்த எண்ணை மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். குறிப்பேட்டின் நகல் ஒன்றை, உங்களுக்குப்பின் இச்சேகரிப்பைப் பெறப்போகிறவரிடம் இப்போதே கொடுத்து, அவரை அருகில் அமர்த்தி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்டுங்கள்.