முதல் டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி இருக்கிறான். வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு மாதம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நின்றான்.

"அண்ணே, நாற்பதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன். எந்த கேமரா வாங்கலாம்?"

"என்ன எடுக்கப் போறே?"

"எல்லாம்தான்ணே."

இந்த 'எல்லாம்தான்' என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். டிஎஸ்எல்ஆர் என்பது லென்ஸைக் கழற்றி மாற்றிக்கொள்ளும் கேமராதான், ஆனாலும் எல்லாவற்றுக்கும் சரிப்படும் கேமரா என்று ஒன்று கிடையாது. வேடந்தாங்கல் கரையில் நின்று மரத்தில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரையை எடுக்க வேண்டுமானால் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 300 மி.மீ. லென்ஸ்கூடப் போதாது போலத் தோன்றும். அதே லென்ஸை மாட்டிக்கொண்டு மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாக் கூட்டத்துக்குள் போனால் எதிரில் நிற்பவரின் மூக்கு மட்டும்தான் சட்டகத்துக்குள் வரும். அங்கே அகலமாகக் காட்டும் 18 மி.மீ. வேண்டும். வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் குழந்தையை எடுக்க இந்த இரண்டும் உதவாது, வெளிச்சத்தை அள்ளும் லென்ஸ் வேண்டும். ஆகவே அடுத்த ஆறு மாதத்தில் நிஜமாகவே எதை எடுக்கப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூன்று வரிக்கு மேல் போனால் கடைசி வரிகளை அடித்துவிடலாம்.

அடுத்தது பணத்தைப் பிரிக்கும் கணக்கு. கையில் நாற்பதாயிரம் இருந்தால் நாற்பதாயிரத்துக்கு எந்த பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வரும் என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். மெமரி கார்டு, பை, ஈரம் புகாத பெட்டி, இன்னொரு லென்ஸ் எல்லாம் 'அப்புறம் பார்த்துக்கலாம்' கணக்கில் போய்விடும். அந்த அப்புறம் வரவே வராது. கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக பாடிக்கும் அதோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை இரண்டாவது லென்ஸுக்கும் இந்தச் சில்லறைச் சாமான்களுக்கும் ஒதுக்குங்கள். பாடி நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் கூட வரும்.

ஏன் லென்ஸைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்றால், படத்தில் தெரியும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் என்பது லென்ஸின் திறப்பைச் சொல்லும் எண், எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வீட்டுக் கூடத்தில் கிட் லென்ஸ் 1/15 விநாடி கேட்கும் இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் 1/125 விநாடியில் எடுத்துவிடும். முன்னதில் குழந்தையின் கை புகைபோலக் கலங்கியிருக்கும், பின்னதில் விரல்களை எண்ணலாம். பாடியை எவ்வளவு விலைக்கு மாற்றினாலும் இந்த வித்தியாசத்தை அவ்வளவு மலிவாக வாங்க முடியாது.

இதற்காக எல்லோரும் ஓடிப்போய் வாங்குவது 50 மி.மீ. எஃப் 1.8. நல்ல லென்ஸ்தான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் இருப்பது கிராப் சென்சார், அதாவது படம் பதியும் தகடு பழைய ஃபிலிம் அளவைவிடச் சிறியது. கேனானில் 1.6, நிக்கானில் 1.5 என்று பெருக்கிக்கொள்ள வேண்டும். 50 மி.மீ. அங்கே 80, 75 மி.மீ. போல நடந்துகொள்ளும். முகத்தை நெருக்கமாக எடுக்க அருமையாக இருக்கும். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேரைச் சேர்த்து எடுக்க முதுகு சுவரில் இடிக்கும். நிக்கான் வாங்கினால் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ், கேனான் என்றால் தட்டையாக இருக்கும் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம். நம் வீடுகளுக்கு இவைதான் தோது என்பது என் கருத்து.

இதற்கு நேரெதிரான தவறும் ஒன்று உண்டு. இணையத்தில் நாலு வீடியோ பார்த்துவிட்டு 'கிட் லென்ஸ் குப்பை' என்று முடிவுகட்டி, பாடியை மட்டும் வாங்குவது. பகல் வெளிச்சத்தில் எஃப் 8 வைத்து எடுத்தால் அந்தக் 'குப்பை' கொடுக்கும் கூர்மை எந்தப் புதியவருக்கும் போதும். தனியாக வாங்கினால் விலை அதிகம், கேமராவோடு வந்தால் குறைவு. அதை விட்டுவிட வேண்டாம்.

கடையில் தரும் இரட்டை லென்ஸ் சலுகையைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கூட வரும், தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர் என்று பெயரிலேயே எழுதியிருக்கும். கேனானில் இப்படிக் கூட வரும் 75-300 லென்ஸில் அது கிடையாது. நிக்கானின் 70-300 ஏஎஃப்-பி டிஎக்ஸில் இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு வகை உண்டு. 300 மி.மீ.யில் அந்த வசதி இல்லாமல் கையில் பிடித்து எடுத்தால் கிராப் சென்சாரில் 1/500 விநாடியாவது வேண்டும். மாலை ஐந்தரை மணிக்கு மேல் அந்த வேகம் கிடைப்பது கஷ்டம். இலவசமாகத் தரும் முக்காலியையும் ஃபில்டரையும் பற்றி ஒரே வரி போதும்: அந்த முக்காலி காற்றில் ஆடும், அந்த ஃபில்டர் எதிர்வெளிச்சத்தில் பேய் பிம்பம் காட்டும்.

பொருந்தாத லென்ஸ் வாங்கி ஏமாறுவது இன்னொன்று. நிக்கானின் டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டாரை லென்ஸே சுமந்துவர வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருந்தால் கவலை இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி வாங்கி மாட்டினால், வாழ்நாள் முழுக்கக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அது டி7000 வரிசையில் மாட்டினால் தானே ஓடும். ஏஎஃப்-பி லென்ஸிலும் மோட்டார் உண்டு, ஆனால் அதன் கதை வேறு. டி90, டி7000, டி3200, டி5100 போன்ற பழைய பாடிகளில் அது வேலை செய்யாது. கேனானில் இந்த மோட்டார் தலைவலி இல்லை, ஈஎஃப் லென்ஸ் எல்லாவற்றிலும் 1987 முதலே மோட்டார் உள்ளே இருக்கிறது. ஆனால் ஈஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸ், ஃபிலிம் அளவுக்கே பெரிய சென்சார் கொண்ட அவர்களின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது. பின்னால் ஃபுல் ஃபிரேமுக்குப் போகப் போகிறேன் என்பவர்கள் அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். என்ன, அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர்கூடப் போவதில்லை.

மெகாபிக்சல் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 12க்கு 18 அங்குலப் படத்தை நல்ல தரத்தில் அச்சடிக்க 20 மெகாபிக்சல் தாராளம். 4கே டிவி காட்டுவதே 8 சொச்சம்தான். இன்று கிடைக்கும் தொடக்கநிலை கேமராக்களில் பெரும்பாலும் 24 இருக்கிறது.

அந்த எண்ணைப் பார்ப்பதற்குப் பதில், விலை குறைந்த மாடலில் எதைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பாருங்கள். கேனான் 3000டியில் லென்ஸ் மாட்டும் வளையம் உலோகம் இல்லை, பிளாஸ்டிக். கண்ணாடி போடுபவர்கள், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைத் தங்கள் பார்வைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளும் சக்கரமும் அதில் இல்லை. சில நூறு ரூபாய்ப் பொருளை எடுத்துவிட்டு வாழ்நாள் தொல்லையைக் கொடுக்கிறார்கள். யூடியூப்புக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறேன் என்றால் மைக் செருகும் துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கேனான் 1500டியில் இல்லை, நிக்கான் டி3500லும் இல்லை. கேனான் 200டி மார்க் 2, நிக்கான் டி5300, டி5600 ஆகியவற்றில் இருக்கிறது. 200டி மார்க் 2ல் வேறொரு வில்லங்கம்: ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முனையை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு முனையை மட்டும் நம்பி வேலை செய்யும் மலிவு ஃபிளாஷும், தள்ளி வைத்த ஃபிளாஷை எரியவைக்கும் ட்ரிக்கரும் அதில் வேலை செய்யாது.

சரி, இந்தக் காலத்தில் டிஎஸ்எல்ஆர்தான் வாங்க வேண்டுமா? நியாயமான கேள்வி. கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. புதிய வேலையெல்லாம், டிஎஸ்எல்ஆரில் உள்ளே இருக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில்தான் நடக்கிறது. புத்தம் புதிதாக, முழு விலை கொடுத்து வாங்குவதென்றால் நானும் மிரர்லெஸ்ஸைத்தான் பார்க்கச் சொல்வேன், வீடியோ முக்கியம் என்பவர்களுக்கு இன்னும் அழுத்தியே சொல்வேன். ஆனால் எல்லோரும் அந்தப் பக்கம் போனதால் இந்தப் பக்கம் செகண்ட் ஹேண்ட் விலை இறங்கிக் கிடக்கிறது. பழைய லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. பேட்டரியும் நீடித்து உழைக்கும். டி3500க்கு ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது நிறுவனக் கணக்கு. குறைந்த பணத்தில் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இது நல்ல நேரம். நாளை மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் கேனான் ஈஎஃப் லென்ஸ்களை அடாப்டர் போட்டு முழு வசதியோடு பயன்படுத்தலாம். நிக்கானின் அடாப்டரில் மோட்டார் இல்லை என்பதால் அந்தப் பழைய 'டி' லென்ஸ்கள் அங்கேயும் கையால் திருகத்தான்.

செகண்ட் ஹேண்ட் என்றால் வெளியே கீறல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். கீறல் படத்தில் வராது. பார்க்க வேண்டியது ஷட்டர் கவுண்ட், அதாவது கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்து மூடியிருக்கிறது என்ற எண். தொடக்கநிலை நிக்கான் பாடியின் ஷட்டரை ஒரு லட்சம் முறைக்குச் சோதித்திருப்பார்கள். கல்யாண வேலைக்கு ஓடிய கேமரா என்றால் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படம் சாதாரணம், மாதக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். நிக்கானில் ஒரு படம் எடுத்து அந்த ஃபைலைத் தகவல் காட்டும் செயலியில் திறந்தாலே எண் தெரியும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் படத்துக்குள் அது பதியாது, கேமராவைக் கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்து, எஃப் 22 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். சென்சாரில் உள்ள தூசி கரும்புள்ளியாக வரும். தூசியைத் துடைக்கலாம், கோடுபோல இருந்தால் அது கீறல், விட்டுவிடுங்கள். லென்ஸைக் கழற்றி ஒரு பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. 'துடைச்சா போயிடும் சார்' என்பார்கள். நம்ப வேண்டாம்.

புதிதாக வாங்குபவர்கள் பில்லைக் கவனிக்க வேண்டும். 'பில் இல்லாம வாங்கினா மூவாயிரம் குறைச்சு' என்று யாராவது சொன்னால், அது வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த சரக்காக இருக்கலாம். நிறுவனத்தின் இந்திய வாரண்டி அதற்குக் கிடைக்காது.

பூஞ்சை பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் என் அனுபவம் கொஞ்சம் கசப்பானது. 2015 மழைக்காலத்தில் சென்னையே தண்ணீரில் நின்றபோது என் கேமரா பையோடு பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. அப்படித்தான் நினைத்தேன். பொங்கலுக்கு எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குள் வெள்ளையாகக் கோலம் போட்டிருந்தது. சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸ் விலையில் பாதி. இருட்டு, ஈரம், துணிப்பை மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிற்பது சாதாரணம், கேமராவுக்கு வேண்டியது 40 முதல் 50. இதற்குப் பெரிய செலவும் இல்லை. சமையலறையில் பருப்பு போட்டுவைக்கும், ரப்பர் விளிம்பு வைத்த இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் கால் கிலோ, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. நீல நிற ஜெல் வெளிறி ரோஸாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறட்டினால் மறுபடி நீலமாகிவிடும். சிலர் அரிசிக்குள் புதைத்துவைக்கச் சொல்வார்கள். அரிசியின் மாவுத்தூசி ஜூம் வளையத்துக்குள் போனால் அதை எடுக்க இன்னொரு கூலி.

வாங்குவதற்கு முன் கையில் பிடித்துப் பார்க்காமல் இருப்பதையும் தவறு என்றே சொல்வேன். நிக்கான் டி3500 பாடி 365 கிராம்தான், ஆனால் பிடிமானம் ஆழமாக இருக்கும். பெரிய கை உள்ளவருக்கு வேறொன்று சுண்டுவிரலைத் தொங்கவிடும். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றிப் பாருங்கள். சென்னை, மதுரை, கோவை எங்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆடி மாதம் என்றால் கல்யாணம் இல்லாததால் பேரம் பேசவும் இடமிருக்கும்.

எங்கள் தம்பி கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு டி5300 எடுத்தான். ஷட்டர் கவுண்ட் பதினெட்டாயிரம். கூடவே கிட் லென்ஸ், ஒரு 35 மி.மீ. எஃப் 1.8, அம்மாவின் அனுமதியோடு ஒரு பருப்பு டப்பா. மூன்று மாதம் கழித்து மெமரி கார்டைக் கொண்டுவந்து காட்டினான். ஆயிரத்து நானூறு படம் இருந்தது. அதில் ஆயிரத்துக்கு மேல் அவன் அக்காவின் கைக்குழந்தை. 'எல்லாம்தான்' என்று சொன்னதை ஞாபகப்படுத்தினேன். சிரித்தான். டெலி லென்ஸைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.