பத்துப் பேர், ஒரு தொகுப்பு: சின்ன லேபிளில் சோதனை எலக்ட்ரானிக் நடன இசை வெளியிடுவது எப்படி

ஒரே ஆளிடம் ஆல்பம் போடும் அளவுக்கு ட்ராக் சேர வருஷக்கணக்கில் ஆகும். பத்துப் பேரிடம் ஆளுக்கு ஒன்று கேட்டால் நாலு மாதத்தில் தொகுப்பு கையில் இருக்கும். சின்ன லேபிள்கள், அதாவது இசை வெளியிடும் நிறுவனங்கள், தொகுப்பில் தொடங்குவது இதனால்தான். ஆனால் பத்துப் பேர் என்றால் பத்து விதமான கோப்பு, பத்து விதமான சத்த அளவு, பத்து விதமான "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்". தொகுப்பு கவிழ்வது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான்.

முதலில் அழைப்பு. "சோதனை முயற்சி, எது வேணாலும் பண்ணுங்க" என்று எழுதினால் ஹார்ட் டிஸ்கில் மிச்சம் கிடப்பது வந்து சேரும். கட்டுப்பாடு ஒன்று வேண்டும், ஒன்றே போதும். எங்கள் சிபாரிசு: பொதுவான ஒலிப்பொதி (பதிந்த சத்தங்களின் மூட்டை) ஒன்றைத் தயாரித்து எல்லோருக்கும் அனுப்புங்கள்; அதிலிருந்து குறைந்தது ஒரு சத்தமாவது ஒவ்வொரு ட்ராக்கிலும் இருக்க வேண்டும். வேகம் 128 முதல் 136 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்), நீளம் நாலு முதல் ஆறரை நிமிடம். தாளமே இல்லாத ட்ராக் இரண்டுக்கு மட்டும் இடம். பத்து ட்ராக் சேர்ந்து 55 நிமிடத்துக்குள் நிற்கும்படி பாருங்கள். அதற்கு மேல் போனால் கடைசி இரண்டை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒலிப்பொதி

எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளின் பாலிஷ் இயந்திரம், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியின் ஏலம், ஒகேனக்கல்லில் பரிசல் துடுப்பு எல்லாமே ஆகும். ஆனால் நடன இசைக்கு நேராகப் பயன்படுவது இரண்டு: பட்டுப்புழுவும், கோயில் திருவிழாவில் அடிக்கும் பம்பை மேளமும்.

பட்டுப்புழு நான்காவது முறை தோல் உரித்து எழுந்தபின், கடைசிப் பருவத்தில் ஒரு வாரம் அசுரத்தனமாகத் தின்னும். மல்பெரித் தழை போட்டுச் சில நிமிடங்களில் புழு வளர்க்கும் மனை முழுக்க ஓட்டுக் கூரையில் சாரல் விழுவதுபோல ஒரு சத்தம் எழும். டிரம்ஸில் 'ட்ஸ் ட்ஸ்' என்று வரும் ஹை-ஹேட்டுக்குப் பதிலாக வைக்க இதைவிட நல்ல சத்தம் கிடைப்பது அரிது. மைக்கைத் தழைக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் பிடியுங்கள், ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள், பத்து நிமிடம் விடாமல் பதியுங்கள். பிறகு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுக்க வெட்டிவிடலாம், அங்கே புழு இல்லை, ரோட்டில் போகும் லாரிதான் இருக்கும். பதிவை அப்படியே பரப்பினால் வெறும் இரைச்சல். கேட் (சத்தத்தைத் திறந்து மூடும் கருவி) போட்டு, கிக் எனும் அடித்தாள அடி விழாத இடங்களில் மட்டும் திறந்து மூடினால் ஆட்டம் வரும்.

மனைக்குள் போவதற்கும் முறை உண்டு. செருப்பை வெளியே விட்டு, கை கால் கழுவி, சென்ட் அடிக்காமல், உடம்பில் கொசு மருந்து தடவாமல் போக வேண்டும். பூச்சிமருந்து நெடி பட்டாலே புழு செத்துவிடும். ஒரு பதிவுக்காக ஒரு குடும்பத்தின் ஒரு மாத உழைப்பைக் கெடுக்கக் கூடாது. முந்தைய நாள் தோட்டத்துக்கு மருந்தடித்த சட்டையில் போய் நிற்கவே நிற்காதீர்கள்.

பம்பை வேறு கதை. மேலே வெண்கலப் பம்பை, கீழே மரப் பம்பை, இரண்டையும் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டி வாசிப்பார்கள். சத்தம் பலமாக இருப்பதால் போன் பதிவு உதவாது: போன் தானாகவே அளவைக் குறைத்து ஏற்றும், அடியின் முனை மழுங்கி, இடையில் கூட்டத்தின் பேச்சு பொங்கி வரும். இரண்டு டைனமிக் மைக், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று, 30 செ.மீ. தள்ளி. உச்சம் -12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் சத்தத்தை ஏற்றும் அளவு) வையுங்கள். வாசிப்பவருக்கு வேகம் ஏறும்போது சத்தமும் கூடும், அந்த இடைவெளி தேவைப்படும். திருவிழா நேரத்தில் பம்பைக்காரர்களைப் பிடிக்க முடியாது. சீசன் இல்லாத நாளில், முன்கூட்டியே கூலி பேசி, வீட்டுக்குப் போய்ப் பதியுங்கள்.

அடுத்த தவறு கணினியில் நடக்கும். பம்பையின் பல அடிகள் மும்மூன்றாகப் போகிறவை. அதை பதினாறில் ஒரு பங்கு கிரிட்டில் குவாண்டைஸ் செய்தால், அதாவது அடிகளைச் சமக் கட்டங்களுக்கு இழுத்து நிறுத்தினால், கம்ப்யூட்டர் பொம்மை வாசிப்பதுபோல ஆகிவிடும். 132 பிபிஎம்மில் ஒரு பீட் 454.5 மில்லிவினாடி, மூன்றில் ஒரு பங்கு 151.5. பீட்டை மூன்றாகப் பிரிக்கும் ட்ரிப்லெட் கிரிட்டைப் போட்டு, அதிலும் 50 முதல் 60 சதவீதம் மட்டும் இழுங்கள். நாலு நாலாக அடிக்கும் கிக்குக்கு மேல் பம்பை மூன்று மூன்றாக ஓடுவதே இந்தத் தொகுப்பைக் கேட்க வைக்கும் விஷயம். அதை நேராக்குவதற்கு பம்பை எதற்கு, டிரம் மெஷினே போதும்.

பதிவு நாளில் மின்சாரத்தைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டினால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ரீங்காரம் ஏறும், எர்த் சரியில்லாத வீட்டில் இன்னும் மோசம். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் பதிந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

கோப்பு வாங்குவது

கேட்க வேண்டியது: 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு, மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (உச்சத்தை அமுக்கும் கருவி) இல்லாமல், உச்சம் -6 டெசிபல் பக்கம். ரிவெர்ப் (எதிரொலி) முழுதாக அடங்கும் வரை கோப்பின் முடிவு நீள வேண்டும். கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில். சில பழைய ஜிப் மென்பொருள்களில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 எம்பி ஆகும், ஆகவே டிரைவ் இணைப்பாக வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக வந்ததை மாஸ்டருக்கு எடுக்காதீர்கள்.

வந்ததும் இரண்டு சோதனை. ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைப் பாருங்கள்: 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல மேலே ஒன்றுமே இல்லை என்றால், அது பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3-யை வேவ் ஆக்கி அனுப்பியது. திருப்பி அனுப்பிவிட்டு மூலத்தைக் கேளுங்கள். இரண்டாவது, பிபிஎம்மை எண்ணிப் பாருங்கள். 132 என்று சொன்ன ட்ராக் 121-க்குப் பக்கத்தில் ஓடினால் 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பை எங்கேயோ 44.1 என்று படித்திருக்கிறார்கள்; சுருதியும் ஒன்றரை செமிடோன் இறங்கியிருக்கும். செய்தவருக்கே இது சில சமயம் தெரியாது, "கொஞ்சம் டார்க்கா இருக்கு" என்று பாராட்டு வேறு கிடைத்திருக்கும்.

தாள் வேலை

இது யாருக்கும் பிடிக்காத பகுதி, இதைத் தள்ளிப்போட்டால் பிறகு நட்பு போகும். உரிமத்தை எழுத்தில் வாங்குங்கள், தமிழில் ஒரு பக்கம் போதும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். இணையத்தில் உலகம் முழுக்க விற்கப் போகிறீர்கள். "உலகம் முழுவதும், மூன்று வருஷம், பிரத்தியேகமல்லாத உரிமம்" என்று எழுதாவிட்டால் அந்தத் தாளால் பிரயோஜனமில்லை. கூடவே பங்கு எவ்வளவு, கணக்கு எப்போது, விலகிக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு. பம்பை வாசித்தவருக்கும் தனியாக ஒரு தாள்: கூலி, பெயர் எப்படிப் போட வேண்டும், ஒலிப்பொதியாக பத்துப் பேர் பயன்படுத்தச் சம்மதம். வாசித்துக் காட்டிவிட்டு கையெழுத்து வாங்குங்கள்.

மும்பையின் சரண்ஜித் சிங் ரோலண்டு டிபி-303 (பேஸ்), டிஆர்-808 (டிரம்) இயந்திரங்களில் ராகங்களை வாசித்த பதிவு 1982-இல் வந்தது. 2010-இல் மறுவெளியீடு வந்தபின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. உங்கள் தொகுப்பையும் 28 வருஷம் கழித்து யாராவது தேடி வரலாம். யாரைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவது இந்தத் தாளால்தான்.

சினிமாப் பாட்டுத் துண்டு வேண்டவே வேண்டாம். "பழைய பாட்டுதானே" என்பார்கள். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம்; அது முடிந்தாலும் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் காலமானபின் 60 வருஷம் நிற்கும். மூன்று வினாடி குரலுக்காக மொத்தத் தொகுப்பும் தளங்களிலிருந்து நீக்கப்படும்.

ஐஎஸ்ஆர்சி எண் (ஒலிப்பதிவின் அடையாளக் குறி) ட்ராக்குக்கு ஒன்று, 12 எழுத்து. ட்ராக்கை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தரே கொடுப்பார். கலைஞர் அந்தப் பதிவை ஏற்கெனவே வெளியிட்டிருந்தால் பழைய எண்ணையே போட வேண்டும். ரீமிக்ஸ் என்றால் புது எண்.

வரிசையும் மாஸ்டரிங்கும்

மாஸ்டரிங் என்பது வெளியீட்டுக்கு முன் சத்தத்தைச் சீராக்கும் கடைசி வேலை. பத்தையும் தனித்தனியாக -14 லஃப்ஸுக்குக் (காதுக்குக் கேட்கும் சத்த அளவின் அலகு) கொண்டுவருவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஸ்பாட்டிஃபை -14-க்குச் சமப்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் ஆல்பமாகக் கேட்கும்போது மொத்தத்துக்கும் ஒரே அளவைத்தான் ஏற்றி இறக்கும், ட்ராக்குகளுக்கிடையே நீங்கள் வைத்த வித்தியாசம் அப்படியே இருக்கும். தாளமில்லாத புழுச் சத்தம் -14, பக்கத்தில் கிக் அடிக்கும் ட்ராக்கும் -14 என்றால், கேட்பவர் காதுக்குப் புழு கத்துவதுபோலவும் கிக் சோர்ந்ததுபோலவும் இருக்கும். நடன ட்ராக்குகளை -9 முதல் -10 வரை, அமைதியானவற்றை -16 பக்கம் வைத்து, இறுதி முடிவைக் காதால் எடுங்கள். ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) -1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் எம்பி3 ஆகும்போது கரகரக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆள், ஒரே அறையில், இரண்டு நாளுக்குள் மாஸ்டர் செய்யட்டும்.

பிறகு மைக் செட்டில் போட்டுக் கேளுங்கள். கோயில் குழாய் ஸ்பீக்கரில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது, அதோடு அது மோனோ. ஸ்டீரியோவில் அகலமாக விரிந்த சிந்த் அங்கே காணாமல் போனால் ஃபேஸ் பிரச்சினை: இடதும் வலதும் ஒன்றையொன்று அழிக்கின்றன. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் மோனோ ஆக்குங்கள். கிக்கில் மேல் ஸ்தாயிக் 'டொக்' ஒன்று, 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம், சேர்ந்தால் குழாயிலும் தாளம் கேட்கும். காரிலும் ஒருமுறை. தொப்பூர் கணவாயில் ஓட்டிக்கொண்டே வேண்டாம், நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.

வரிசைக்கு ஒரு சுலப வழி: பலமான ட்ராக்கை இரண்டாவதாக, அடுத்ததை ஏழாவதாக, தாளமில்லாதவற்றை ஐந்திலும் பத்திலும். டிஜே போடுகிறவர்களுக்காக இரண்டு மூன்று ட்ராக்காவது 16 பார் வெறும் தாளத்தோடு தொடங்கட்டும். 132-இல் அது 29 வினாடிதான். வினைல் முதல் தொகுப்புக்கு வேண்டாம். 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு 18 நிமிடத்துக்கு மேல் போனால் சத்தம் குறையத் தொடங்கும், 55 நிமிடம் ஒரே தட்டில் அடங்காது.

விற்பது

ரசிகர்கள் நேரடியாக இசை வாங்கும் பேண்ட்கேம்ப் தளம் முதலில், மற்ற தளங்கள் ஒரு மாதம் கழித்து. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1000 முறை ஓடாத ட்ராக்குக்குப் பதிவு ராயல்டி கிடையாது. சோதனை இசைக்கு அது பெரிய எண். விநியோகஸ்தர்களின் மலிவுத் திட்டங்கள் பல ஒரே கலைஞர் பெயருக்கு மட்டும். பலர் சேர்ந்த தொகுப்புக்கு லேபிள் திட்டம் தேவையா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல்.

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும். 7 டாலர் விலையில் 40 பேர் வாங்கினால் 280 டாலர், 42 போனால் 238. பத்துக் கலைஞர், ஒரு லேபிள், 11 பங்கு என்றால் ஆளுக்கு 21 டாலருக்குச் சற்றுக் கூட. பேபால் கட்டணம் கழிந்தால் அதற்கும் கீழே. இந்தக் கணக்கை அழைப்பிலேயே காட்டிவிடுங்கள். பணம் வர பேபாலில் பான் எண், வங்கிக் கணக்கு, பர்பஸ் கோடு (வெளிநாட்டுப் பணம் எதற்கு வந்தது என்ற குறியீடு) மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

உள்ளூரில் வேறு வழி. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் பேபால் பரிமாற்றம் இல்லை. ஆகவே பேண்ட்கேம்ப் தரும் பதிவிறக்கக் குறியீடுகளைச் சின்ன அட்டையில் அச்சடித்து, யுபிஐயில் பணம் வாங்கிக்கொண்டு கையில் கொடுங்கள். ஓசூரிலோ தருமபுரியிலோ மண்டபம் பிடித்துக் கேட்பு நிகழ்ச்சி வைத்தால் அட்டை அங்கேயே போகும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள். அட்டைக்கு வரிசை எண் போட்டு, யாரிடம் எத்தனை கொடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அந்த யுபிஐ வரவையும் பேபால் வரவையும் ஒரே தாளில் கூட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பேருக்கும் அனுப்ப வேண்டும், வரவு பூஜ்யமாக இருந்தாலும்.