கிரீஸில் படகை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டப் போகிறீர்களா? ஸ்கிப்பர் என்று பெயர் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

4 குடும்பங்கள், ஒரு வாரம், 42 அடி பாய்மரப் படகு. ஏதென்ஸ் பக்கத்தில் அலிமோஸ் மரினாவில் சனிக்கிழமை ஏறி அடுத்த சனிக்கிழமை இறங்குவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் பேசி முடித்தாயிற்று. கடைசியில் கம்பெனி அனுப்பிய படிவத்தில் 'ஸ்கிப்பர்', அதாவது படகின் கேப்டன், என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. "உன்கிட்டதான் லைசன்ஸ் இருக்கே, உன் பேரையே போட்டுடு" என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் சரி என்று விட்டார்கள். எனக்கு முதல் தடவை இப்படித்தான் நடந்தது.

அந்தக் கட்டத்தில் பெயர் எழுதினால் சட்டப்படி என்ன ஆகும் என்று அன்று எனக்குத் தெரியாது. பணத்தை 4 குடும்பமும் பங்கு போட்டுக்கொள்ளலாம், பொறுப்பைப் பங்கு போட முடியாது. யார் காசு கொடுத்தார்கள், விபத்து நடந்த நேரத்தில் சுக்கானை யார் பிடித்திருந்தார்கள் என்பதெல்லாம் பிறகு வரும் கேள்விகள். துறைமுகப் போலீஸ் முதலில் தேடுவது படகில் உள்ளவர்கள் பட்டியலில் இருக்கும் ஸ்கிப்பரைத்தான். தூத்துக்குடித் தோணியில் தண்டல் எப்படியோ, இந்தப் படகில் நீங்கள் அப்படி. அதனால் முதல் முறை போகிறவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: எந்த மாதிரி வாடகை என்று முதலில் தெளிவாக்குங்கள்

வாடகை மூன்று விதம். படகை மட்டும் எடுத்து நீங்களே ஓட்டுவது பேர்போட். படகோடு ஒரு ஸ்கிப்பரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது இரண்டாவது. கேப்டன், சமையல்காரர், பணியாளர்கள் எல்லோரும் சேர்ந்து வரும் பெரிய யாட், அதாவது சொகுசுப் படகு, மூன்றாவது. பேர்போட் என்றால் கேப்டனின் கடமை முழுக்க உங்கள் தலையில். மற்ற இரண்டிலும் படகை நகர்த்துவது பற்றிய கடைசி வார்த்தை அந்தக் கேப்டனுடையது, வாடகை கொடுத்தவருடையது அல்ல.

பெரிய யாட் எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வாடகைதாரர் சொல்லும் இடத்துக்குக் கேப்டன் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஆனால் ஆபத்து என்று அவருக்குத் தோன்றினால் மறுக்கும் அதிகாரமும் அதே ஒப்பந்தத்தில் இருக்கும். 12 விருந்தினருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதும் அவர் சொந்தமாகப் போட்ட விதி அல்ல. 12 பயணிகளைத் தாண்டினால் சர்வதேச விதிகளின்படி அது பயணிகள் கப்பல் ஆகிவிடும், அதற்கான சட்டமே வேறு.

2024 ஜூனில் ஹைட்ரா தீவில் பைன் காடு எரிந்தது. கடலில் நின்ற ஒரு வாடகை யாட்டிலிருந்து விட்ட வாணவெடிதான் காரணம் என்று கிரேக்க அதிகாரிகள் சொன்னார்கள். கைதானவர்கள் அந்தப் படகின் பணியாளர்கள் 13 பேர். தாங்கள் செய்யவில்லை என்று அவர்கள் மறுத்தார்கள். வழக்கு எப்படியும் போகட்டும், படகில் ஏதாவது நடந்தால் முதலில் யாரைப் பிடிப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, "என் நண்பரிடம் சொந்தப் படகு இருக்கு, பாதி விலைக்குத் தருவார்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள். வாடகைக்கு விடப் பதிவு செய்யாத படகைக் காசு வாங்கிக்கொண்டு விடுவது சட்ட மீறல். ஏதாவது ஆனால் காப்பீட்டுக் கம்பெனி கையை விரித்துவிடும்.

படி 2: லைசன்ஸ், இரண்டாவது ஆள்

ஐரோப்பாவில் அதிகம் கேட்கப்படுவது ஐ.சி.சி. என்ற சர்வதேசச் சான்று. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 40ஆம் தீர்மானத்தின்படி தரப்படுவது. கையில் கிடைத்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் படகுக்கு மட்டும் என்று இருந்தால் பாய்மரப் படகுக்கு உதவாது. கடலோரம், உள்நாட்டு நீர்நிலை என்பவையும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். குரோஷியாவுக்குப் போவதானால் ரேடியோ சான்றும் கட்டாயம். எந்தெந்த நாட்டு லைசன்ஸ் செல்லும் என்று அங்குள்ள அமைச்சகமே பட்டியல் வெளியிடுகிறது. முன்பணம் கட்டும் முன்பே லைசன்ஸ் நகலை அனுப்பி, "இது செல்லும்" என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கிரீஸில் லைசன்ஸ் உள்ளவர் ஒருவர் மட்டும் போதாது. படகு ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆளும் வேண்டும். அவரிடம் லைசன்ஸ் இல்லாவிட்டால், அனுபவம் உண்டு என்று கையெழுத்துப் போட்டுத் தருவார். இங்கேதான் பலர் பொய் சொல்கிறார்கள், படகையே பார்க்காத மச்சானைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அந்த விதி வெறும் காகிதத்துக்காக வந்தது அல்ல. நடுக்கடலில் நீங்கள் மயங்கி விழுந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ பாயை இறக்கி, இன்ஜினைப் போட்டு, உங்களைத் தேடித் திரும்பி வர ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். நான் என் நண்பரைப் புறப்படும் முன் 2 வார இறுதிகள் பயிற்சிக்கு அனுப்பினேன். செலவு பார்க்காதீர்கள்.

பொழுதுபோக்கு லைசன்ஸை வைத்துக்கொண்டு காசு வாங்கி ஓட்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். செலவைப் பங்கு போடுவது வேறு, கூலி வாங்குவது வேறு.

படி 3: ஒப்பந்தத்தை உட்கார்ந்து படியுங்கள்

ஒரு டீயோடு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கிரேக்க ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் சில வரிகள் உங்கள் பயணத் திட்டத்தையே மாற்றிவிடும். காற்றின் வேகத்தைச் சொல்லும் 0 முதல் 12 வரையிலான பியூஃபோர்ட் அளவில் 6ஐத் தாண்டினால், அல்லது தாண்டும் என்று முன்னறிவிப்பு இருந்தால், துறைமுகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. வேறு படகை இழுத்துச் செல்லக் கூடாது, ஆபத்து என்றால் தவிர. திரும்ப ஒப்படைக்கும் இடத்திலிருந்து மிகத் தொலைவான ஊரை வாடகைக் காலத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் எட்டிவிட வேண்டும் என்றுகூட இருக்கும். முதலில் படிக்கும்போது இது என்ன கெடுபிடி என்று தோன்றியது. கடைசி 2 நாளில் எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டு அவசரப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வரி என்று பிறகு புரிந்தது.

இவற்றில் ஒன்றை மீறினால் காப்பீடு உங்களைக் காப்பாற்றாமல் போகலாம். டெபாசிட் தொகைக்கு மேல் உங்கள் கையை விட்டுப் போகாது என்று கம்பெனி ஆள் சொல்வார், அது உண்மைதான், விதிப்படி ஓட்டும் வரை. பெரிய கவனக்குறைவு என்று முடிவானால் அந்த வரம்பு போய்விடும். ஸ்கிப்பருக்கான பொறுப்புக் காப்பீடு தனியாகக் கிடைக்கிறது. வாரச் செலவில் அது சின்னத் தொகை, கட்டாயம் எடுங்கள்.

படி 4: படகைப் பொறுப்பில் எடுக்கும்போது அவசரப்படாதீர்கள்

சனிக்கிழமை மாலை 5 மணி, வெயில், குழந்தைகளுக்குப் பசி, கம்பெனி ஆளுக்கு இன்னும் 3 படகு பாக்கி. "எல்லாம் சரியா இருக்கு, இங்கே கையெழுத்து" என்பார். போடாதீர்கள்.

நான் செய்வது இப்படி. முதலில் தரைப்பலகையைத் தூக்கி அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பேன். கையை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பா இல்லையா என்று தெரிந்துவிடும். நல்ல தண்ணீர் என்றால் தொட்டிக் குழாய் கசிகிறது, உப்புத் தண்ணீர் என்றால் கடல் உள்ளே வருகிறது. அடுத்து ஒவ்வொரு கடல்நீர் வால்வையும் மூடித் திறப்பேன். ஒரு தடவை கழிப்பறை வால்வு அசையவே இல்லை, சரி செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு அவர்கள் அளவில், நீங்களே போட்டுப் பாருங்கள். அபாயச் சுடர்களின் காலாவதித் தேதி, தீயணைப்பான், ரேடியோ, நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர், பட்டியலில் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கீறல் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். என் இரண்டாவது பயணத்தில் முன்பக்கக் கம்பியில் ஏற்கெனவே இருந்த ஒரு வளைவை நான் போட்டோ எடுக்கவில்லை, டெபாசிட்டில் கழித்துவிட்டார்கள். வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

படி 5: கயிற்றை அவிழ்க்கும் முன் 20 நிமிஷம்

எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். ஆள் விழுந்தால் முதலில் பார்ப்பவர் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது. ரேடியோவில் 16ஆம் சேனலில் மேடே என்ற அபாய அழைப்பை எப்படிச் சொல்வது, ரேடியோவில் அபாய அழைப்புக்கான சிவப்புப் பொத்தான் எங்கே, இன்ஜினை எப்படி நிறுத்துவது. இதை உங்களைத் தவிர இன்னும் 2 பேராவது செய்து காட்ட வேண்டும்.

பயணத் திட்டம் போடுவது நல்ல பழக்கம் மட்டும் இல்லை, கடமை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் 5ஆம் அத்தியாயம் சின்னப் படகுகளையும் விடவில்லை. வானிலை, ஆழம், வழியில் ஒதுங்க ஒரு துறைமுகம், இத்தனையும் ஒரு பக்கம் எழுதினால் போதும். மோதல் தடுப்பு விதிகள் 1972இலிருந்து இருப்பவை. அதன் 5ஆம் விதி, கண்ணாலும் காதாலும் எப்போதும் கண்காணிப்பு வேண்டும் என்கிறது. தானியங்கிச் சுக்கானைப் போட்டுவிட்டு எல்லோரும் கீழே சாப்பிடப் போனால் அந்த நிமிஷமே விதியை மீறியாயிற்று. 15 வயதுப் பையனிடம் சுக்கானைக் கொடுக்கலாம், கொடுங்கள், அவனுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், நிதானத்தில் இருக்க வேண்டும்.

படி 6: "இன்று கிளம்ப முடியாது" என்று சொல்வது

ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது, கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைக்கும். நாங்கள் கித்னோஸ் தீவில் மெரிஹாஸ் துறைமுகத்தில் இருந்தபோது வியாழக்கிழமை காலை முன்னறிவிப்பு 7 காட்டியது, அதாவது 28 முதல் 33 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வரை. வெள்ளி மாலை படகைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒரு குடும்பத்துக்கு சனி மதியம் விமானம். "வானம் நல்லாத்தானே இருக்கு, பக்கத்துப் படகு கிளம்பிட்டானே" என்றார்கள். இரண்டாவது ஆளாகப் பெயர் கொடுத்தவரும் போகலாம் என்றார். நான்தான் முடியாது என்றேன். ஒரு மணி நேரம் யாரும் என்னோடு பேசவில்லை.

அப்புறம் கம்பெனிக்கு போன் செய்து நிலைமையைச் சொன்னேன். பெண்களும் குழந்தைகளும் லாவ்ரியோவுக்குப் போகும் ஃபெர்ரியில் ஏறினார்கள். நாங்கள் 3 பேர் தங்கி, காற்று 5க்கு இறங்கிய பிறகு கிளம்பி, ஒரு நாள் தாமதமாக ஒப்படைத்தோம். தாமதத்துக்குக் கூடுதல் பணம் கட்டினோம், 4 குடும்பமும் பங்கு போட்டுக்கொண்டது. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பே இதைக் குரூப்பில் எழுதிவிடுகிறேன்: கிளம்புவதா இல்லையா என்பதில் ஓட்டெடுப்பு இல்லை, திரும்பும் விமானம் ஒரு நாள் தள்ளித்தான்.

படி 7: ஏதாவது நடந்துவிட்டால்

உயிருக்கு ஆபத்து என்றால் மேடே, கிரேக்கக் கடலோரக் காவல்படை எண் 108. பக்கத்தில் வேறு யாராவது ஆபத்தில் இருப்பதாகக் கேட்டாலும், உங்கள் படகுக்கு ஆபத்தில்லாமல் போக முடியுமானால் உதவப் போக வேண்டியது ஸ்கிப்பரின் கடமை.

தரை தட்டினால் மறைக்கவே கூடாது. கீல், அதாவது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, எங்கே இடித்தது, எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கம்பெனியைக் கூப்பிடுங்கள். துறைமுக அதிகாரிகளுக்குத் தகவல் போனதும் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தரும் வரை படகைக் கிளம்ப விட மாட்டார்கள். விடுமுறை அங்கேயே முடிந்துபோகலாம், என்றாலும் அடியில் விரிசலோடு கடலில் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். வேறு படகு இழுத்துவிடுகிறேன் என்று வந்தால் எவ்வளவு கேட்பார் என்று முதலில் பேசுங்கள், முடிந்தால் கம்பெனியையும் கேட்டுவிடுங்கள். ஆளைக் காப்பாற்றக் கூலி கேட்க முடியாது, படகைக் காப்பாற்றினால் கேட்கலாம், அந்தத் தொகை பெரிதாக இருக்கும். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டாம்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால், வெள்ளி மாலை டீசல் நிரப்பி ரசீதோடு வந்து நில்லுங்கள். முக்குளிப்பவர் அடியில் போய்ப் பார்த்துவிட்டு வரும் வரை அங்கேயே இருங்கள், டெபாசிட் விடுவித்த காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.