ஓடாமலே பார்க்ரன்னுக்குப் போகலாம்: முதல்முறை தொண்டூழியருக்கு ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஒரு கூட்டம் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதையும் நடப்பதையும் பார்த்திருப்பீர்கள். அதுதான் பார்க்ரன். கட்டணமும் கிடையாது, பரிசும் கிடையாது. ஆனால் முடித்த ஒவ்வொருவருக்கும் எத்தனையாவதாக வந்தார், எவ்வளவு நேரம் ஆனது என்ற கணக்கு மின்னஞ்சலில் வந்துவிடும். அந்தக் கணக்கை எடுப்பது சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, அந்த வாரம் பெயர் கொடுத்த தொண்டூழியர்கள். ஆள் சேராவிட்டால் ஓட்டமே நடக்காது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"எனக்கு முழங்கால் வலி, ஓட வராதே" என்று தயங்குகிறீர்களா? இதைத் தொடங்கியவரே ஓட முடியாத நிலையில்தான் தொடங்கினார். பால் சிண்டன்-ஹியூவிட் என்பவர் காயத்தால் ஓட முடியாமல் இருந்த சமயம், ஓட்டக்கார நண்பர்களின் தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று 2004 அக்டோபர் 2-ஆம் தேதி லண்டன் புஷி பார்க்கில் அவர்களைக் கூட்டி ஓட வைத்தார். அன்று ஓடியவர்கள் 13 பேர். சிங்கப்பூருக்கு இது 2014-ல் வந்தது. இப்போது வெஸ்ட் கோஸ்ட் பார்க்கிலும் பீஷானிலும்கூட நடக்கிறது.

முதலில் பதிவு

பார்க்ரன் இணையத்தளத்தில் ஒரே ஒரு முறை இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள். 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணும் பார்கோடும் கிடைக்கும். ஓடுவதற்கும் தொண்டூழியத்துக்கும் அதே எண்தான், வேறு ஊர் பார்க்ரன்னுக்குப் போனாலும் அதுவே செல்லும். அப்புறம் உங்களுக்குப் பக்கத்திலுள்ள பார்க்ரன் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல்: பெயர், எண், எந்தச் சனிக்கிழமை, "இது எனக்கு முதல்முறை, எந்த வேலை கொடுத்தாலும் சரி." இவ்வளவு போதும். வெள்ளி இரவு வரை காத்திருக்காமல் புதன்கிழமைக்குள் அனுப்பினால் பட்டியல் போடுபவருக்குப் பெரிய நிம்மதி.

எந்த வேலை கேட்பது?

என்னைக் கேட்டால் முதல்முறை மார்ஷல் அல்லது பார்கோடு ஸ்கேன் செய்யும் வேலை. நேரம் குறிப்பதை இரண்டு மூன்று வாரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்ஷல் என்றால் பாதையில் ஒரு திருப்பத்தில் பளிச்சென்ற மேலங்கியோடு நின்று வழி காட்டுவது, கைதட்டுவது. பூங்காவை நமக்காக யாரும் மூடி வைப்பதில்லை. மிதிவண்டி, தள்ளுவண்டி, நாயோடு நடப்பவர்கள் எல்லாரும் இருப்பார்கள், அவர்களுக்கும் சம உரிமை, அதனால் அவர்களை விலகச் சொல்லாமல் ஓடுபவர்களை இடப்பக்கம் ஒதுங்கச் சொல்லுங்கள். அன்றைய ஓட்டத்துக்குப் பொறுப்பான ரன் டைரக்டரின் எண்ணைக் கைப்பேசியில் முதலிலேயே சேமித்து வையுங்கள். யாராவது தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ "முடியும், முடியும், ஓடுங்க அங்கிள்" என்று உற்சாகப்படுத்த வேண்டாம், நிறுத்தி நிழலில் உட்கார வையுங்கள். நிலைமை மோசம் என்றால் உடனே 995. நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகில் எந்தக் கார் நிறுத்துமிடம் என்று முன்பே பார்த்து வைத்திருந்தால் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லத் தடுமாற மாட்டீர்கள்.

டெயில் வாக்கர் என்று ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவார். அவர் இருக்கும்வரை வேறு யாரும் கடைசி ஆள் இல்லை. மெதுவாக நடக்கிற என் பெரியம்மா மாதிரி ஆட்கள் தைரியமாக வருவதற்கு அந்த ஒரு வேலைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முடிவுக் கோட்டில் என்ன நடக்கிறது

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கோட்டை ஒருவர் தாண்டியதும் நேரம் குறிப்பவர் கைப்பேசிச் செயலியில் ஒரு தட்டு தட்டுவார். 41-ஆவது தட்டு எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று செயலிக்குத் தெரியும், ஆனால் வந்தவர் யார் என்று தெரியாது. தாண்டியவர்கள் ஃபனல் என்று நாங்கள் சொல்லும் குறுகலான வழியில் வந்த வரிசையிலேயே நடந்து வருவார்கள், அங்கே நிற்பவர் ஆளுக்கொரு எண் போட்ட டோக்கன் கொடுப்பார். அடுத்து ஸ்கேன் செய்பவர் முதலில் ஓடி வந்தவருடைய சொந்தப் பார்கோடையும் பிறகு டோக்கனையும் ஸ்கேன் செய்து, டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அந்த 41 என்ற எண்தான் நேரத்தையும் ஆளையும் சேர்த்துக் கட்டுகிற முடிச்சு.

அதனால்தான் ஃபனலுக்குள் யாரும் யாரையும் முந்தக் கூடாது. பார்கோடு மறந்து வந்தவருக்கும் டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவருக்காகத் தட்டிய தட்டு அடுத்தவர் தலையில் விழும்.

ஒருமுறை டோக்கன் கொடுக்க நான் நின்றேன். நல்ல புழுக்கம், கையெல்லாம் வியர்வை. கூட்டமாக வந்த நேரத்தில் 62-ம் 63-ம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஆள் கைக்குப் போய்விட்டன. அடுத்து வந்த அம்மாவுக்கு 64. அவரிலிருந்து பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்து வந்தவருடைய நேரம். எனக்கு அது தெரியவே இல்லை. பத்து பேருக்கு ஒருமுறை டோக்கன் எண்ணையும் செயலியின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அண்ணன் நின்றிருந்தார், நான் 70 கொடுத்தபோது செயலியில் 69 இருந்ததைப் பிடித்தது அவர்தான். 60-க்கும் 70-க்கும் நடுவில் எங்கேயோ என்று குறித்துக்கொண்டோம். ஸ்கேன் செய்யும் இடத்தில் இரண்டு டோக்கனோடு ஒருவர் வந்து நிற்க, விஷயம் புரிந்து ரன் டைரக்டர் கணக்கைச் சரிசெய்தார்.

அன்றிலிருந்து இடுப்பில் ஒரு சின்னத் துண்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டோக்கனையும் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்து, ஒன்றுதானா என்று உறுதிசெய்துவிட்டுத்தான் நீட்டுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தப்பு நடந்துவிட்டதா, அந்த எண்ணை உடனே சத்தமாகச் சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். மறைத்தால்தான் அத்தனை பேர் கணக்கும் கெடும்.

அந்தக் காலை

ஆறே முக்காலுக்குப் போய்விடுங்கள், அப்போது வெளிச்சம் முழுதாக வந்திருக்காது. தொப்பி, தண்ணீர், முழு சார்ஜ் உள்ள கைப்பேசி. ஸ்கேன் செய்வதாக இருந்தால் தொண்டூழியர் செயலியை வீட்டிலேயே இறக்கி, உங்கள் பார்கோடை வைத்து ஒருமுறை பழகிப் பாருங்கள். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து இடிமழை வருவது உண்டு, மின்னல் இருந்தால் ஓட்டம் நிற்கலாம், கிளம்பும் முன் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். கோப்பிக் கடைக்குப் போய் ஒரு கோப்பி-ஓ சொல்லிவிட்டு, அன்றைய டோக்கன்களை மேசையில் கொட்டி ஒன்றிலிருந்து வரிசையாக அடுக்குவோம். புதிதாக வந்தவர்கள் எல்லாரோடும் பழகிவிடுவது இங்கேதான். ஓர் எண் குறைந்தால், யாரோ மறந்து கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். எந்த எண் என்று ரன் டைரக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த சனிக்கிழமை ஏழரைக்குள் மாற்று டோக்கன் தயாராக இருக்க வேண்டும்.