கடைக்கட்டடத்தில் லொறிக்கு இடம்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக் கடைத்தொகுதிக்குப் பிளான் பாஸ் ஆகவேண்டும் என்பதற்காகக் காணியின் ஒரு மூலையில் செவ்வகம் ஒன்றைக் கீறி, அதற்குள் 'ஏற்றியிறக்கும் இடம்' என்று எழுதிவிடுகிறார்கள். லொறி அந்தச் செவ்வகத்துக்குள் எப்படி வந்து சேரும், எப்படி வெளியே போகும் என்று யாரும் கேட்பதில்லை. கடை திறந்த முதல் கிழமையிலேயே விடை தெரிந்துவிடும். லொறி கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் நிற்கும், சீமெந்து மூட்டை நடைபாதையால் போகும், பின்னாலேயே பொலிஸ் வரும்.

"எங்களுடையது பிரதேச சபைதானே, நகரத்துச் சட்டமெல்லாம் எதற்கு?" என்பது இன்னொரு பேச்சு. வவுனியா இப்போது மாநகர சபை. 2025 மே மாதம் அதற்குத் தேர்தலும் நடந்தது. கிளிநொச்சி நகரம் கரைச்சி பிரதேச சபையின் கீழ் இருக்கிறது. சபையின் பெயரைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபை பிரகடனம் செய்த பகுதி என்றால், பிரதேச சபையாக இருந்தாலும் அந்த அதிகார சபையின் ஒழுங்குவிதிகள்தான். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் அதன் 1982 திருத்தமும் அதற்கு அடிப்படை. பிரகடனம் செய்யாத இடத்தில் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆகவே காணி எந்தப் பகுதிக்குள் வருகிறது என்பதைச் சபையில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிளான் கீறுபவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: கையில் வைத்திருப்பது 1986 ஒழுங்குவிதியா, 2021 இல் வந்ததா? பழைய அளவிலேயே கீறிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காணிக்கு முன்னால் ஓடும் வீதி யாருடையது என்பதும் முக்கியம். ஏ9, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35, மாங்குளத்திலிருந்து போகும் ஏ34 எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. உள்வீதி என்றால் மாகாணத் திணைக்களத்துடையதாகவோ சபையுடையதாகவோ இருக்கும். கட்டடக் கோடு, அதாவது வீதியிலிருந்து கட்டடம் எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்ற எல்லை, வீதிக்கு வீதி வேறுபடும். சபையின் அனுமதி மட்டும் போதும் என்று நினைத்து, வீதி ஒதுக்குக்குள் (வீதிக்கென ஒதுக்கிய ஓர நிலத்துக்குள்) லொறி நிற்கும்படி பிளான் போட்டுவிட்டால் பிறகு அழித்துத்தான் கீறவேண்டும். ஒதுக்குக்குள் விடும் இடம் உங்கள் கணக்கில் சேராது. வீதியை அகலிக்க வரும் நாளில் அது இருக்கவும் இருக்காது.

சரி, லொறிக்கு வருவோம். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான். வரைபவர் வாகனத்தின் நீள அகலத்தை மட்டும் பார்க்கிறார், அது திரும்புவதற்கு வேண்டிய இடத்தைப் பார்ப்பதில்லை. சில்லறைக் கடைக்குப் பட்டா என்கிற சின்ன லொறி வந்து போகும். அதன் நீளம் 4 மீற்றர்கூட இல்லை. ஹாட்வெயாருக்குக் கன்ரர் என்கிற நடுத்தர லொறி வரும். அது சுமார் 6 மீற்றர். ஓட்டுக்கும் கம்பிக்கும் பத்துச் சில்லு லொறி வரும். 20 அடிக் கொள்கலன் என்றால் பெட்டி மட்டுமே 6.1 மீற்றர் நீளம், 2.44 மீற்றர் அகலம். இவை ஒவ்வொன்றும் படலையால் உள்ளே திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால்தான் படலைத் தூணின் உள்மூலை எப்போதும் உடைந்து கிடக்கிறது. உங்கள் கடைக்கு வரக்கூடிய மிகப்பெரிய வாகனம் எது என்று முதலில் தீர்மானித்து, அதன் பாதையைப் பிளானில் கோடாகவே கீறச் சொல்லுங்கள். நின்ற பிறகும் பக்கத்தில் இடம் வேண்டும். 50 கிலோ மூட்டையைத் தோளில் வைத்தவர் சுவரில் உரசாமல் நடந்து போகவேண்டும் அல்லவா?

அரிசி ஆலைக்காரருக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். காலபோக அறுவடை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் நெல் வரும்போது உழவு இயந்திரமும் பெட்டியுமாகத்தான் வரும். கொளுவிய பெட்டியோடு பின்னுக்கு எடுப்பது லேசான வேலை இல்லை. கொஞ்சம் பிசகினாலும் பெட்டி குறுக்கே மடிந்து நிற்கும், பின்னால் வருகிற அத்தனை பேரும் ஹோர்ன் அடிப்பார்கள். இடம் இருந்தால் ஒரு படலையால் உள்ளே வந்து மறு படலையால் வெளியே போகும்படி வையுங்கள். அதற்கு இடமில்லாவிட்டால், பின்னுக்கு எடுக்கும் வேலை முழுவதும் உங்கள் வளவுக்குள்ளேயே நடக்கவேண்டும். கொழும்பு பஸ் வேகமாக வரும் ஏ9 இல் பின்பக்கமாக இறங்குவதை எந்தத் திட்டமிடல் குழுவும் விரும்பாது. சந்திக்கு ஒட்டிய காணியில் படலையைச் சந்திப் பக்கம் வைப்பதும் இதே மாதிரியான வம்புதான்.

கார் தரிப்பிடத்தையும் இந்த இடத்தையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கணக்குக் காட்டவேண்டாம். தரிப்பிடம் குறைந்தால் அதற்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் கட்டும் ஏற்பாடு உண்டு. பணம் கட்டினாலும் லொறி எங்காவது நின்றுதானே ஆகவேண்டும்?

உயரத்தை மறப்பவர்களும் உண்டு. மேல்மாடி பல்கனியைக் கொஞ்சம் வெளியே தள்ளி, அதற்குக் கீழே இறக்கும் இடத்தை வைப்பார்கள். கொள்கலன் ட்றெயிலரில் ஏறி நின்றால் உச்சி தரையிலிருந்து 4 மீற்றர் அளவில் இருக்கும். முதலில் விளம்பரப் பலகை போகும், அப்புறம் பல்கனி விளிம்பு.

மழையும் கணக்கில் வரவேண்டும். நவம்பர், டிசம்பரில் வீதியோரக் கான் நிரம்பி ஓடும். லொறி உள்ளே வர வசதியாக அந்தக் கானை மண் போட்டு மூடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. தண்ணீர் பக்கத்துக் கடைக்குள் போகும், முறைப்பாடு சபைக்குப் போகும். அனுமதி எடுத்து, பார வாகனம் தாங்கும் கொங்கிறீற் பிளேட் போடுங்கள், சேறு வார ஒரு பகுதியைத் தூக்கக்கூடியதாக வையுங்கள். வயல் காணியை நிரவிக் கட்டுவதென்றால் கமநலத் திணைக்களத்தின் அனுமதி வேறு வேண்டும். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகத்துக்குப் போகாமல் ஒரு கல்லும் வைக்கவேண்டாம்.

கட்டி முடிந்த பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கும் நாளில் இடம் சுத்தமாக, மஞ்சள் கோடெல்லாம் அடித்து இருக்கும். சிஓசி எனும் இணக்கச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கே தகரக் கொட்டில் எழும்பும், உரப்பை அடுக்கப்படும், ஒரு பக்கத்தில் தேநீர்க் கடையும் வரும். சான்றிதழ் கொடுத்தது பிளானில் உள்ளபடி கட்டியதற்கு. பிறகு எழுப்பிய கொட்டில் அனுமதியில்லாத கட்டடம். பிரகடனப் பகுதியில் அதை அகற்றச் சொல்லிக் கட்டளையிடவும், கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் போகவும் சட்டத்தில் இடமுண்டு. களஞ்சியம் போதவில்லை என்றால் அதற்கெனத் தனிப் பிளான் கொடுத்துக் கட்டுவது மலிவு.

கடைகளை வாடகைக்குக் கொடுப்பவர்கள் இந்த இடத்தை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்: யாருக்கெல்லாம் பொது, எந்த நேரம் யாருக்கு, ஒரு வாகனம் எவ்வளவு நேரம் நிற்கலாம், குப்பை யார் அள்ளுவது. கொழும்புச் சாமான் விடியப்புறத்தில் வந்து இறங்கும் கடைக்கும் பத்து மணிக்குப் பாண் வான் வரும் கடைக்கும் ஒரே இடம் தாராளமாகப் போதும்.