ஃபேக்டரி எங்கே போடலாம்? லாரி வாடகை, ஆள் கூலி வைத்துக் கணக்குப் பார்க்கும் முறை

சின்னதாக ஒரு யூனிட் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது மலிவான நிலத்தை, இல்லையென்றால் சொந்த ஊரில் சும்மா கிடக்கும் பூர்வீக இடத்தை. நிலத்துக்குப் பணம் ஒரு தடவைதான் போகும். லாரி வாடகையும் கூலியும் ஃபேக்டரி ஓடுகிற அத்தனை நாளும் போய்க்கொண்டே இருக்கும், அதனால் இடம் பார்க்கக் கிளம்பும் முன்பே இந்த இரண்டும் ஒரு கிலோவுக்கோ ஒரு பீஸுக்கோ எவ்வளவு விழும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

முதலில் எடை. உள்ளே வரும் சரக்கு எத்தனை கிலோ, வெளியே போவது எத்தனை கிலோ? தொழிற்சாலையை எங்கே வைப்பது என்று ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மன் பொருளாதார அறிஞர் 1909-இல் எழுதிவைத்த கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. 100 கிலோ கரும்பு அரைத்தால் கிடைப்பது சுமார் 10 கிலோ சர்க்கரை, அதிலும் வெட்டிப் போட்ட கரும்பு காயக் காயச் சர்க்கரைச் சத்து இறங்கும், அதனால்தான் ஆலை கரும்புக் காட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சுண்ணாம்புக்கல்லும் அப்படித்தான். சுத்தமான கல்லைச் சுட்டால் எடையில் 44 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும், காற்றில் போகப்போகிற எடைக்கு யார் லாரி வாடகை கொடுப்பார்கள்? அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். உங்கள் பொருளும் இந்த ரகம் என்றால் மூலப்பொருள் கிடைக்கும் இடத்தை விட்டு நகராதீர்கள்.

சோடா, பன், தண்ணீர்த் தொட்டி இதெல்லாம் நேர் எதிர். சோடாவில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், அது எந்த ஊரிலும் கிடைக்கும். பிளாஸ்டிக் தொட்டியோ எடையே இல்லாமல் லாரியை அடைத்துக்கொள்ளும், வண்டிக்காரர் அடைத்த இடத்துக்குத்தான் காசு கேட்பார். இப்படிப்பட்ட பொருளுக்கு வாங்குகிறவர் ஊர்ப்பக்கமே சரி.

லாரி ஆபீஸில் விசாரிக்கும்போது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டு நிறுத்திவிடாமல், அந்த ஊரிலிருந்து ரிட்டர்ன் லோடு கிடைக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். காலியாகத் திரும்ப வேண்டிய ஊர் என்றால் அந்தச் செலவும் உங்கள் வாடகையில்தான் ஏறும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டோல் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது கூலி. ஒரு பேச்சுக்கு, 10 டன் லோடுக்கு வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கிலோவுக்கு 3 ரூபாய் வருகிறது. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு அது 150 ரூபாய், வியாபாரமே படுத்துவிடும். 200 கிராம் டி-ஷர்ட்டுக்கு அதே வாடகை வெறும் 60 பைசா. கூலி குறைவான ஊரில் தையலில் பீஸுக்கு 3 ரூபாய் மிச்சமாகும் என்றால் அந்த டி-ஷர்ட் யூனிட் தாராளமாகத் தள்ளிப் போகலாம். ஆடை, ஷூ தைக்கிற தொழில்கள் ஆள் கிடைக்கும் ஊரைத் தேடிப் போவது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் நாள் கூலி குறைவு என்றதும் ஆசைப்பட்டுவிடக் கூடாது, எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 500 ரூபாய் வாங்கும் புது ஆள் 25 பீஸ் தைத்தால் பீஸுக்கு 20 ரூபாய், 650 ரூபாய் வாங்கும் கைதேர்ந்த ஆள் 40 பீஸ் தைத்தால் 16 ரூபாய் 25 காசு. எது மலிவு என்று நீங்களே பாருங்கள். இதோடு பி.எஃப்.-இல் முதலாளி பங்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அப்புறம் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களை அழைத்துவரும் வண்டி, பழகும் வரை வீணாகும் துணி, இதையெல்லாம் கூட்டிய பிறகு வருவதுதான் உண்மையான கூலி. அதற்காக, ஆளுக்குச் சேரவேண்டியதைப் பிடித்துவைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்துப் போகிற ஊரில் யூனிட் நிலைக்காது, பழகிய ஆள்தான் முதலில் கிளம்புவார்.

இன்னொன்றும் இருக்கிறது. திருப்பூரில் கூலி ஏறிக்கொண்டே போனாலும் ஆட்கள் வட மாநிலங்களிலிருந்து வருகிறார்களே தவிர ஊர் காலியாகவில்லை. சாயம், பிரிண்டிங், காஜா பட்டன், எம்பிராய்டரி எல்லாவற்றுக்கும் அங்கே ஜாப் ஒர்க் ஆள் உண்டு, மெஷின் நின்றுபோனால் அன்றைக்கே மெக்கானிக் வந்துவிடுவார். தனியாக ஒரு ஊரில் யூனிட் போட்டால் ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்ஸுக்காக லைன் முழுக்க ஒரு நாள் நிற்கும், நின்ற நாளுக்கும் சம்பளம் உண்டு. தையலை மட்டும் வெளியூருக்குக் கொண்டுபோய், மற்ற வேலைகளைப் பழைய ஊரிலேயே வைத்துக்கொள்வது பலருக்குச் சரியாக வரும்.

கடைசியாக இரண்டு மூன்று ஊர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் சரக்கு வரும் வாடகை, கூலி, பொருள் போகும் வாடகை மூன்றையும் பீஸ் கணக்கில் கூட்டுங்கள். பிறகு டீசல் 20 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை, கூலி 20 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள். இரண்டிலும் முன்னால் நிற்கும் ஊர் எதுவோ, அந்த ஊருக்கு ஷிப்ட் விடும் நேரத்தில் நேரில் போய், அங்கே ஏற்கெனவே ஓடும் யூனிட்டிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் என்ன கூலி, எவ்வளவு நாளாக வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு புரோக்கருக்கு போன் பண்ணுங்கள்.